கள்ளுக்கு அடுத்த அதிகாரம்

ஆன்லைன் ரம்மியில் ஒரு மாதச் சம்பளத்தை விட்ட இரவில் அறை நண்பன் கேட்டான்: "மச்சான், இது வியாதியாடா, இல்ல எனக்குத் திமிரா?" அப்போது என்னிடம் பதில் இல்லை. தஸ்தயெவ்ஸ்கியின் ‘சூதாடி’யை மறுபடி எடுத்தது அந்தக் கேள்விக்காகத்தான்.

குடியில் ஒரு பொருள் உடம்புக்குள் போகிறது. சீட்டில் என்ன போகிறது? அமெரிக்க மனநல மருத்துவர்களுக்கும் இந்தத் தயக்கம் இருந்தது. 1980இல் சூதாட்டத்தை உந்துதலைக் கட்டுப்படுத்த முடியாத கோளாறு என்றுதான் வகைப்படுத்தினார்கள். 2013இல் வந்த டிஎஸ்எம்-5 கையேடுதான் அதை மது, போதைப்பொருள் இருக்கும் அத்தியாயத்துக்கு மாற்றியது. குறளில் கள்ளுண்ணாமை 93ஆம் அதிகாரம், சூது 94. அதற்கடுத்தது மருந்து!

1866இல் 26 நாட்களில் தஸ்தயெவ்ஸ்கி சொல்லச் சொல்ல எழுதப்பட்ட இந்த நாவலில், ஒரே ரூலெட் மேசையில் இருவர் தோற்கிறார்கள். சக்கர நாற்காலியில் வரும் பாட்டி பூஜ்யத்தின் மேல் விடாமல் கட்டி ஜெயிக்கிறாள், மறுநாள் பெரும்பணத்தை இழக்கிறாள். அந்த நேரத்தில் பார்த்தால் முற்றிப்போன கேஸ்தான். ஆனால் தன்னையே திட்டிக்கொண்டு மாஸ்கோவுக்குத் திரும்பிவிடுகிறாள். அங்கே அவளுக்கு ஒரு வீடு இருக்கிறது, கட்ட நினைத்த தேவாலயம் இருக்கிறது.

அலெக்ஸேய் போலினாவுக்காகப் பணம் ஜெயிக்கப் போகிறவன். மேசையில் உட்கார்ந்ததும் அவளையே மறந்துவிடுகிறான். கடைசியில், சாப்பாட்டுக்கு மிஞ்சிய ஒரு குல்டனோடு வெளியே வந்து, நூறடி நடந்து, திரும்பிப் போய் அதையும் கட்டுகிறான். ஜெயிக்கவும் செய்கிறான். அந்த வெற்றிதான் நாவலின் பயங்கரமான இடம்.

உள்ளே என்ன போகிறது என்பதைவிட, வாழ்க்கையிலிருந்து என்னவெல்லாம் வெளியேறிவிட்டது என்பதே இங்கே அளவுகோல். அப்படிப் பார்த்தால் சூதும் அடிமைத்தனமே. ராத்திரி முழுக்க சீரியஸ் பார்ப்பவனையெல்லாம் அதில் சேர்க்க வேண்டியதில்லை. பாட்டியை நினைத்துக்கொண்டால் போதும். தஸ்தயெவ்ஸ்கி 1871க்குப் பிறகு சூதாடவில்லையே, அப்புறம் என்ன வியாதி என்று கேட்கலாம். குடியைத் தானாக விட்டவர்களும் இருக்கிறார்கள். அதனால் குடி வியாதி இல்லை என்று ஆகிவிடுமா?

இன்றைக்கு வாசிக்கும்போது நாவலில் ஒன்று போதவில்லை. ரூலெட் சக்கரத்துக்கு அலெக்ஸேய் யாரென்று தெரியாது. செயலிக்குத் தெரியும். முன்பு வேலை பார்த்த இடத்தில், மூன்று நாள் விளையாட வராதவர்களுக்கு இலவச நாணயம் தருவதாக நோட்டிஃபிகேஷன் அனுப்பும் நிரலை எழுதியவன் நான். நூறடி நடந்து போனவனைக் கூப்பிட்டு உட்கார வைக்கும் வேலை. ரிலீஸ் அன்று கேக் வெட்டினோம்.

‘அடிமை’ என்று சொன்னால், யாருக்கு என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. நண்பனிடம் சொன்னேன்: "திமிர் இல்லடா. டாக்டரைப் பார்ப்போம், நானும் வர்றேன்." கேக் வெட்டியதை மட்டும் இன்னும் அவனிடம் சொல்லவில்லை.