எண் பலகையை எவ்வளவு நம்பலாம்?

பழைய ரயில் படங்களில் எஞ்சினை அடையாளம் காண்பதில் பிரிட்டன் ஆர்வலர்கள் கைதேர்ந்தவர்கள். பாதி மறைந்து நிற்கும் நீராவி எஞ்சினின் புகைபோக்கியைப் பார்த்தே வகையைச் சொல்லிவிடுவார்கள். ஆவணக் காப்பகங்கள் அவர்களுக்கு நிறையவே கடன்பட்டிருக்கின்றன. ஆனாலும் ஒரு பலவீனம் அடிக்கடி தலைகாட்டுகிறது: எண் தெளிவாகத் தெரிந்துவிட்டால் விசாரணை அங்கேயே நின்றுவிடுகிறது.

எண் நல்ல சாட்சிதான். 1923-இல் டான்காஸ்டரில் உருவான ‘ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன்’ 1472 என்ற எண்ணோடு வந்தது. மறு ஆண்டு 4472 ஆனது. 1946-இல் முதலில் 502, பிறகு 103. 1948-இல் ரயில்வே நாட்டுடைமையானபின் 60103. எண்ணை வைத்தே படத்தின் காலத்தை ஓரளவு வரையறுத்துவிடலாம். ஆனால் 1963-இல் தனியார் கைக்குப் போனதும் அந்த எஞ்சினுக்குப் பழைய 4472 திரும்பக் கிடைத்தது. அதனால் 4472 என்ற எண் மட்டும் போதாது; எஞ்சினுக்குப் பின்னாலுள்ள, நிலக்கரியும் நீரும் ஏற்றும் டெண்டர் வண்டியையும் பார்த்தாக வேண்டும். இரண்டு டெண்டர்கள் இருந்தால் படம் 1930-களைச் சேர்ந்ததாக இருக்க முடியாது. இரண்டாவது டெண்டர் 1966-இல் சேர்ந்தது.

இன்னும் கடினமான வழக்குகள் உண்டு. 1939-இல் நியூயார்க் உலகக் கண்காட்சிக்குப் போன ‘6220 கொரொனேஷன்’ உண்மையில் ‘6229 டச்சஸ் ஆஃப் ஹாமில்டன்’. இரண்டும் பெயரையும் எண்ணையும் மாற்றிக்கொண்டன; 1943-இல்தான் பழையபடி ஆயின. 1952 பிப்ரவரியில் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வல ரயிலை இழுக்க ‘4082 விண்ட்சர் காசில்’ வேண்டியிருந்தது. அதுவோ பணிமனையில் கிடந்தது. 1948-இல் கட்டிய ‘7013 பிரிஸ்டல் காசில்’ அதன் பலகைகளைப் பூட்டிக்கொண்டு கிளம்பியது. இந்த மாற்றம் திரும்பப் பெறப்படவே இல்லை. அதற்குப் பிந்தைய எந்தப் படத்திலும் ‘விண்ட்சர் காசில்’ என்ற பெயருக்கு அடியில் இருப்பது 1924-இன் எஞ்சின் அல்ல. இதைக் கண்டுபிடிக்க உதவுவது பலகையல்ல, எஞ்சினின் உடல். உடலைப் படிக்கத் தெரிந்த ஆர்வலர்களின் திறமை இங்கேதான் முழுமையாக வெளிப்படுகிறது.

நிறத்தைப் பற்றிய முடிவுகளிலும் நிதானம் தேவை. பழைய ஆர்த்தோகுரோமாட்டிக் படத் தகடுகளில் சிவப்பு பதியாது. மிட்லண்ட் ரயில்வேயின் கருஞ்சிவப்பு எஞ்சின் கறுப்பாகத் தெரியும். தொழிற்சாலைகள் படமெடுப்பதற்காகவே புது எஞ்சினுக்குச் சாம்பல் நிறம் பூசியதும் உண்டு.

சரக்குப் பெட்டிகளை ஆர்வலர்கள் போதிய அளவு மதிப்பதில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் முக்கியப் புகார். கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் பெட்டிகளில் இருந்த பெரிய எழுத்துகள் 1936-இல் ஐந்து அங்குலமாகச் சுருங்கின. நாட்டுடைமைக்குப் பிறகு, தனியாரிடமிருந்து வந்த பெட்டிகளின் எண்ணுக்கு முன்னால் ‘பி’ (P) என்ற எழுத்து சேர்ந்தது. பழைய எழுத்து பல ஆண்டுகள் அழியாமல் நிற்கலாம். அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. புதிய எழுத்து மட்டும், ‘இதற்கு முன்னால் இல்லை’ என்று உறுதியாகச் சொல்லும். ஆனால் படம் எடுத்த இடத்தைப் பெட்டியிடம் கேட்கக் கூடாது. முதல் உலகப் போர்க்காலத்திலிருந்து கம்பெனிகள் பெட்டிகளைப் பொதுவில் பயன்படுத்தியதால், ஸ்காட்லாந்துப் பெட்டி கார்ன்வாலிலும் நிற்கும்.

காப்பகக் குறிப்புகளோ பெரும்பாலும் எஞ்சினின் பெயர், எண், உத்தேச ஆண்டு என்பதோடு முடிந்துவிடுகின்றன. எதை வைத்து அந்த ஆண்டு சொல்லப்பட்டது என்று ஒரு வரி சேர்த்தால், பின்னால் வருபவர் அதைச் சரிபார்க்க முடியும்.