காணாமல் போனவர்களும் கண்ணில்லாதவர்களும்

'த எல்டர் ஸ்க்ரோல்ஸ்' வரிசை கணினி விளையாட்டுகளில் ஊறிப்போனவர்களிடம் போய், "ட்வெமருங்க எங்கப்பா போனாங்க?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். மாமாக் கடையில் வாங்கிய தே தாரிக் ஆறி ஏடு கட்டும்வரை விடமாட்டார்கள். நானும் அந்த ரகம்தான். இந்தப் பேச்சை வெட்டிப்பேச்சு என்று நான் நினைக்கவில்லை. என் வயதுக்காரர்கள் ஒரு பிரதியை வரி வரியாக, சந்தேகத்தோடு, திரும்பத் திரும்ப வாசிக்கிற இடங்கள் குறைவு. அதில் இது ஒன்று. ஒரு சொல்லை வைத்துக்கொண்டு உரையாசிரியர்கள் போட்ட சண்டைகளைப் படித்தவர்களுக்கு இந்த வெறி புதிதாகத் தெரியாது. ஆகவே இந்த ரசிகக் கோட்பாடுகளை விமர்சனமாகவே எடுத்துக்கொண்டு, விமர்சனத்தைக் கேட்கிற கேள்வியையே அவற்றிடமும் கேட்கலாம்: இந்த வாசிப்பு யார் பக்கம் நிற்கிறது?

ஆடாதவர்களுக்காகச் சுருக்கமாக. ட்வெமர் என்பது எல்ஃப் இனங்களில் ஒன்று. மற்றவர்கள் அவர்களைக் குள்ளர்கள் என்பார்கள், ஆனால் அவர்கள் குள்ளமில்லை. கடவுளைக் கும்பிடாதவர்கள். பூமிக்கடியில் நகரம் கட்டி, நீராவியிலும் பித்தளையிலும் இயந்திரங்கள் செய்தவர்கள். முதல் யுகத்தின் 700ஆம் ஆண்டில், செம்மலைப் போரின்போது, உலகத்தில் எங்கெங்கே இருந்தார்களோ அங்கிருந்தெல்லாம் ஒரே நொடியில் மறைந்துபோனார்கள். இயந்திரங்கள் மட்டும் நிற்கவில்லை. 2011இல் வந்த 'ஸ்கைரிம்' நடக்கும் காலத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏறக்குறைய 3,700 ஆண்டுகள் தாண்டியும் குழாய்களில் நீராவி ஓடுகிறது, பித்தளைச் சிலந்திகள் ஊர்ந்துகொண்டிருக்கின்றன. வாரம் ஒருமுறை தொட்டுப் பார்க்காவிட்டால் முரண்டு பிடிக்கும் இயந்திரங்களோடு வேலை செய்கிறவன் நான். அந்த நகரங்களுக்குள் போகும்போது எனக்கு வருவது பயமே இல்லை, பொறாமை.

மறைவு எப்படி நடந்தது என்பதை விளையாட்டு நேராகச் சொல்வதில்லை. 2002இல் வந்த 'மொரோவிண்ட்' இதை விளையாட்டுக்குள் கிடக்கும் புத்தகங்களில், ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத சாட்சியங்களாகச் சிதறவிட்டது. விவெக் என்ற வாழும் கடவுள் சொல்லும் கதையில், ட்வெமரின் தலைமைச் சிற்பி காக்ரெனாக், மலைக்கடியில் கிடந்த ஒரு செத்த கடவுளின் இதயத்தைத் தன் கருவிகளால் தட்டுகிறார், இனமே மறைகிறது. எதிர்த்தரப்பு மரபு வைத்திருக்கும் கதையில் கருவியை எடுத்தது நெரெவார் என்ற தளபதி. போர்க்களத்தில் நின்ற ட்வெமர்கள் கண்முன்னே தூசியாக உதிர்ந்தார்கள் என்கிறது அது. அதே மரபுதான் விவெக்கும் கூட்டாளிகளும் பிறகு நெரெவாரைக் கொன்றார்கள் என்றும் சொல்கிறது. ஆக முதல் கதையைச் சொன்னவர் ஒரு கொலை வழக்கில் சந்தேக நபர். அதிலும் மறைவை அவர் கண்ணால் பார்க்கவில்லை. நெரெவார் சொன்னதைச் சொல்கிறார், நெரெவாரோ செத்துப்போனார். ஒரு சாட்சிகூட சுத்தமில்லை. ரசிகக் கோட்பாட்டின் உண்மையான சாதனை இதைக் கண்டுபிடித்ததுதான். சொல்கிறவன் யார், அவனுக்கு இதில் என்ன லாபம் என்று கேட்கப் பழகிய வாசகன் நாவலுக்குள் வந்தாலும் ஏமாறமாட்டான்.

உயிரோடு இருக்கும் ஒரே ஒரு ட்வெமரையும் 'மொரோவிண்ட்' நமக்குக் காட்டுகிறது. பெயர் யாக்ரம் பகார்ன். தொற்றுநோயில் உடம்பு வீங்கி, இயந்திரச் சிலந்திக் கால்களின் மேல் உட்கார்ந்து, ஒரு மந்திரவாதியின் கோபுரத்துக்கு அடியில் கிடக்கிறார். சம்பவம் நடந்தபோது அவர் இந்த உலகத்திலேயே இல்லை. வேறொரு தளத்துக்குப் போயிருந்தார், திரும்பி வந்து பார்த்தால் யாரும் இல்லை. காக்ரெனாக்கின் கீழ் வேலை பார்த்த பெரிய கைவினைஞர் அவர். ஆனாலும் கேட்டால் ஊகம் சொல்வாரே தவிர உறுதியாக எதையும் சொல்லமாட்டார். அவருடைய தயக்கத்தில் இருக்கிற துக்கத்தை யாரும் எடுத்துப் பேசிக் கேட்டதில்லை. அவர் தகவலுக்கான ஆள், அவ்வளவுதான். தகவல் இல்லையென்றதும் அடுத்த தடயத்துக்குப் போய்விடுகிறோம்.

அடுத்த தடயம் 'ஸ்கைரிம்'மில் கிடைக்கிறது. ஆர்னியல் கேன் என்ற மந்திரக் கல்லூரி ஆள், காக்ரெனாக்கின் கருவிகளில் ஒன்றான கீனிங் என்ற கத்தியை எப்படியோ வரவழைத்து, பழைய சோதனையைச் சிறிய அளவில் செய்து பார்க்கிறார். இதயம் கிடைக்குமா? அதற்குப் பதிலாக ஒரு ஆன்மக் கல். கத்தியால் தட்டுகிறார், தட்டுகிறார், ஆளைக் காணோம். கத்தி மட்டும் கீழே கிடக்கும். அதன்பிறகு அவருடைய நிழலுருவத்தைச் சண்டைக்குக் கூப்பிடும் மந்திரம் நமக்கு வந்துவிடும். என்ன கொடுமைன்னா, ஆராய்ச்சி செய்த மனுஷன் நம் கையில் ஓர் ஆயுதமாகிப்போகிறார். இதை வைத்து எழுந்த வாதங்கள் நிறைய. மறைவு என்பது சாவா, இடமாற்றமா, வேறொன்றோடு கலந்துவிடுவதா?

கலந்துவிட்டார்கள் என்பதுதான் இருப்பதிலேயே பிரபலமான கோட்பாடு. காக்ரெனாக் கட்டத் தொடங்கிய ராட்சதப் பித்தளைக் கடவுளின் பெயர் நியுமிடியம். ட்வெமர் இனம் முழுவதும் அதன் பொன்னிறத் தோலாகிவிட்டது என்கிறது கோட்பாடு. 'மொரோவிண்ட்'டின் எழுத்தாளர்களில் ஒருவரான மைக்கேல் கிர்க்பிரைட் விளையாட்டுக்கு வெளியே எழுதியவையும் இதற்குத் தீனி போட்டன. நியுமிடியம் சாதாரணப் பொம்மை இல்லை. பிற்பாடு டைபர் செப்டிம் என்ற பேரரசன் அதை வைத்துத்தான் உயர்ந்த எல்ஃப்களின் நாட்டையே அடக்கினான். அதை யார் இயக்குவது என்ற போட்டிதான் 1996இல் வந்த 'டாகர்ஃபால்' விளையாட்டின் கதை. அந்தக் கதைக்கு ஒன்றோடொன்று சேராத பல முடிவுகள். பின்னால் வந்த விளையாட்டுகள், காலமே முறிந்து எல்லா முடிவும் நடந்துவிட்டது என்று சமாளித்தன! ரசிகனே இப்படியொரு கோட்பாட்டை எழுதியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

தோல் கோட்பாட்டின் அழகை நான் மறுக்கவில்லை. தொலைந்த நாகரிகம், சிந்திக்கும் ஆயுதம் என்று கற்பனைக் கதைகளில் தனித்தனியாக ஓடும் இரண்டு சரடுகளை அது ஒரே முடிச்சாகப் போடுகிறது. அந்த ஆயுதத்துக்கு உணர்வு உண்டென்றால், அது தொலைந்த ஒரு மக்கள்கூட்டத்தின் உணர்வு. ஆனால் இந்தக் கோட்பாட்டில் மறைவு ஒரு சாதனையாக மாறிவிடுகிறது. ட்வெமர்கள் தோற்கவில்லை, சாகவில்லை, மேலே போய்விட்டார்கள். பொறியாளனான எனக்கு இது இனிக்கிறது. இனிப்பதாலேயே இதை இன்னும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும்.

அம்ப்ரா என்ற வாளை எடுத்துக்கொள்வோம். வெட்டுப்பட்டவரின் ஆன்மாவைக் குடிக்கும் கறுப்பு வாள். கிளாவிகஸ் வைல் என்ற தேய்ட்ரா இளவரசன் தன் சக்தியில் ஒரு துண்டை அதற்குள் வைத்தான், அந்தத் துண்டு தனி ஆளாகிவிட்டது என்கின்றன கதைகள். கிரெக் கீஸ் எழுதி 2009இல் வெளிவந்த 'த இன்ஃபர்னல் சிட்டி' நாவலில் அம்ப்ரா ஒரு பாத்திரமாகவே நடமாடுகிறது. 'மொரோவிண்ட்'டில் இந்த வாளை வைத்திருப்பவன் ஓர் ஓர்க். அவன் பெயரைக் கேட்டால் அம்ப்ரா என்பான். வாழ்ந்து சலித்துவிட்டது, சண்டையில் சாக வேண்டும் என்பான். அவனுக்கு அம்மா வைத்த பெயர் என்ன என்று நமக்குக் கடைசிவரை தெரியாது.

2006இல் வந்த 'ஒப்லிவியன்'னில் தெரிகிறது. வாள் இப்போது வின்டாசெல் என்ற இடிபாட்டுக்குள் ஒரு பெண்ணிடம் இருக்கிறது. அவளும் தன்னை அம்ப்ரா என்றே சொல்கிறாள். பெல்ஸ் கேட் என்ற குக்கிராமத்துக்குப் போனால் அவளுக்குச் சண்டை சொல்லிக்கொடுத்த ஆசான் இருக்கிறார். அவளுடைய பெயர் லென்வின் என்று அவர்தான் நமக்குச் சொல்வார். நல்ல பிள்ளையாக இருந்தவள், வாள் கைக்கு வந்தபின் மாறிப்போனாள். விளையாட்டு எழுத்தில் நான் பார்த்த நல்ல இடங்களில் இதுவும் ஒன்று. பெரிய காட்சி கிடையாது, யாரும் அழவில்லை. ஒரு கிராமத்தில் ஒருவர் ஒரு பெயரை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறார். பிறகு நாம் போய் லென்வினைக் கொன்று வாளை எடுத்துக்கொள்கிறோம். அதை வைலிடம் ஒப்படைக்கிறவர்கள் சொற்பம். ஒப்படைக்கும்வரை அது பணிக்கான பொருள் என்பதால் பையில் எடையே காட்டாது! அதற்காகவே பணியை முடிக்காமல் வாளோடு சுற்றுகிறவர்கள் ஏராளம். வாள் எப்படி ஆளை மயக்கும் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அம்ப்ராவைப் பற்றிய கோட்பாடுகளோ வாளின் பிறப்பையும் அதற்குள் இருக்கும் துண்டு வைலா தனி உயிரா என்பதையும் ஓர்க் முதல் லென்வின்வரை அது கைமாறிய வழியையும் சுற்றியே போகும். லென்வின் அந்த வரிசையில் ஒரு கண்ணி. ஆயுதத்துக்கு மனசு உண்டு என்று நிரூபிக்க மெனக்கெடுகிற வாசிப்பு, அதைப் பிடித்திருந்த ஆளின் மனசை இரண்டு வரியில் கடந்துவிடுகிறது. அதில் ஒரு வசதியும் இருக்கிறது. கொன்றது வாள் என்று ஆகிவிட்டால் கை கழுவிக்கொள்ளலாம். லென்வினுக்கும் அந்த வசதி உண்டு, அவளைக் கொன்றுவிட்டு அதே வாளைத் தூக்கிக்கொண்டு நடக்கிற நமக்கும் உண்டு.

நான் வேலை செய்யும் ஆலையில் விபத்து அறிக்கைப் படிவம் ஒன்று இருக்கிறது. அதில் முதல் கட்டம் என்ன பழுது என்று கேட்பதில்லை. யாருக்கு அடிபட்டது என்று கேட்கிறது. ட்வெமர் விவகாரத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பிப் பார்த்தால் ஃபால்மர்கள் வருவார்கள்.

ஃபால்மர்கள் ஒரு காலத்தில் பனி எல்ஃப்கள். ஸ்கைரிமுக்கு வந்த நோர்ட் மனிதர்கள் அவர்களை வெட்டித் துரத்தினார்கள். உயிர் பிழைக்க ட்வெமரிடம் அடைக்கலம் கேட்டார்கள். ட்வெமர் இடம் கொடுத்தார்கள், விலையாகக் கண்ணைக் கேட்டார்கள். நச்சுக் காளானைத் தின்னவைத்துப் பார்வையைப் பிடுங்கி, அடிமைகளாக வைத்துக்கொண்டார்கள். தலைமுறைகள் கடந்து அடிமைகள் எழுந்து பல பத்தாண்டுகள் சண்டை போட்டார்கள். ஒருநாள் எதிரியே மறைந்துபோக, அந்த நகரங்களின் இருட்டில் மிச்சமிருந்தவர்கள் அவர்கள்தான். இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். நான் பொறாமைப்பட்ட அதே குழாய்களுக்கு நடுவில், பூச்சி ஓட்டில் குடிசை கட்டிக்கொண்டு.

மார்கார்த் நகரத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. ஒரே செய்தி இரண்டு பழைய எல்ஃப் மொழிகளில். அதைச் சொல் சொல்லாகப் பிரித்து மொழிபெயர்க்க உட்கார்ந்தவர்களும் ரசிகர்கள்தான், அந்த உழைப்புக்குத் தலைவணங்க வேண்டும். கல்லில் இருப்பது ஓர் உடன்படிக்கை. ட்வெமர் நிபந்தனை சொல்கிறார்கள், பனி எல்ஃப்கள் ஒப்புக்கொள்கிறார்கள். ஒப்பந்தம் என்ற சொல்லை மலேசியத் தமிழன் ஒருவனால் சும்மா வாசித்துவிட்டுப் போக முடியாது. கதையையும் வரலாற்றையும் நான் ஒன்றாக்கவில்லை. ஆனால் 'சம்மதித்தார்கள்' என்று எழுதியிருந்தால், சம்மதிக்காவிட்டால் அவர்களுக்கு வேறு என்ன இருந்தது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. விவெக்கின் கதையில் ஓட்டை தேடியவர்கள் இந்தக் கல்லிடம் அதே கேள்வியைக் கேட்பதில்லை. மொழிபெயர்த்துவிட்டு, "சரி, இதுல ட்வெமர் எங்க போனாங்கன்னு ஏதாச்சும் இருக்கா?" என்று திரும்பவும் பழைய இடத்துக்கே போய்விடுகிறார்கள்.

இதற்கு விளையாட்டும் உடந்தை. ட்வெமருக்கு அருங்காட்சியகம் உண்டு, ஆய்வாளர்கள் உண்டு. ஃபால்மர்கள் மூலையில் பதுங்கி அம்பு விடும் ஜந்துக்கள், ஓசையில்லாமல் நடந்தால் பக்கத்திலேயே போய்விடலாம். செத்த ஃபால்மரின் காதை அறுத்தெடுத்து மருந்து காய்ச்சலாம், கடையில் விற்கலாம். அந்தக் காதை எடுக்கும்போது யாரும் கோட்பாடு பேசுவதில்லை.

2012இல் வந்த 'டான்கார்ட்' விரிவாக்கத்தில் ஜெலிபார் என்றொருவர் வருகிறார். பார்வை போகாத பனி எல்ஃப். தன் இனத்தாரை ஃபால்மர் என்று கூப்பிட அவருக்கு வாய் வராது, துரோகம் செய்யப்பட்டவர்கள் என்றுதான் சொல்வார். இருட்டில் இருப்பவர்களிடம் மெல்ல மெல்ல அறிவு திரும்பிக்கொண்டிருப்பதாகத் தோன்றுகிறது, ஒருநாள் அவர்களோடு பேச முடியலாம் என்றும் சொல்வார். அவரிடம் கேட்க நமக்கு நாலைந்து கேள்விகள் கொடுக்கப்பட்டிருக்கும். எல்லாவற்றையும் கேட்டு முடித்தபின் பட்டியலில் மிச்சமிருப்பது விடைபெறுவது ஒன்றுதான். மலைப்பாதையில் கீழே இறங்கினால் முதல் ஃபால்மர் நம் காலடிச் சத்தத்துக்குத் தலையைத் திருப்பும்.