அழித்து எழுதுவது பழுதுபார்ப்பதாகுமா?

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவன் கதையைக் கேட்டு நாம் சிரிக்கிறோம். ஆனால் வீட்டிலுள்ள கணிப்பொறி வாரம் ஒருமுறை தானாக நின்றுவிட்டால், ஏறத்தாழ அதே யோசனையைத்தான் பலரும் தயங்காமல் கூறுகிறார்கள்: "ஃபார்மட் செய்து விண்டோஸை மறுபடியும் போட்டுவிடுங்கள்; எல்லாம் சரியாகிவிடும்." பழுதுபார்க்கும் கடையில் இதைச் சொல்கிறார்கள். கம்ப்யூட்டர் படித்த உறவினர் இதைச் சொல்கிறார். கேட்டுக் கேட்டு, இதுவே வைத்தியம் என்று நாமும் நம்பிவிட்டோம்.

இந்த வைத்தியத்தைச் சற்று நிதானமாக ஆராய்வோம், வாசகர்களே. இதனால் சில சமயம் பலன் கிடைக்கிறது என்பது உண்மைதான். கேள்வி அதுவன்று. பலன் கிடைத்தபோது ஏன் கிடைத்தது, கிடைக்காதபோது ஏன் கிடைக்கவில்லை என்று இந்த முறையால் சொல்ல முடியுமா? முடியாது என்பதுதான் இதன் பெருங்குறை.

முறையிலேயே உள்ள குறைகள்

முதலாவது, மறுநிறுவல் சாட்சிகளை அழித்துவிடுகிறது. கணிப்பொறி நின்றுபோகும் ஒவ்வொரு முறையும் விண்டோஸ் தன் குறிப்பேட்டில் ஏதாவது எழுதி வைக்கிறது. எந்த நேரம், எந்த நிரல், எந்தக் குறியீட்டு எண், அதற்கு முந்தைய நாள் புதிதாகச் சேர்ந்தது எது என்பவை அதில் இருக்கும். வட்டை அழித்த மறுகணம் இவையெல்லாம் போய்விடுகின்றன. திருட்டு நடந்த வீட்டைப் போலீசார் வருமுன் கழுவிவிடுவது போன்றது இது.

இரண்டாவது, ஒரே நேரத்தில் நூறு பொருள்களை இது மாற்றுகிறது. பள்ளிச் சோதனைச்சாலையில் நாம் முதலில் கற்கும் பாடம், ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும் என்பது. மறுநிறுவலில் டிரைவர்கள் மாறுகின்றன, நிரல்கள் நீங்குகின்றன, அமைப்புகள் மாறுகின்றன. கோளாறு மறைந்தாலும் இவற்றுள் எது குற்றவாளி என்று தெரியாது. பழைய நிரல்களை ஒவ்வொன்றாக மறுபடி சேர்க்கும்போது குற்றவாளியையும் நாமே அழைத்து வந்து உட்கார வைக்கிறோம்.

மூன்றாவது குறை சற்று நுட்பமானது. சராசரியாக வாரத்துக்கு ஒருமுறை, எந்த ஒழுங்கும் இல்லாமல் நின்றுபோகும் கணிப்பொறி ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். அதற்கு எந்த வைத்தியமும் செய்யாமல் விட்டாலும், அடுத்த மூன்று நாள்கள் அது நிற்காமல் ஓடுவதற்கு வாய்ப்பு 100க்கு 65. கடைக்காரர் மூன்று நாள் ஓட்டிப் பார்த்து "சரியாகிவிட்டது" என்று தருகிறார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் எதையும் நிரூபிக்கவும் இல்லை. மூன்று வாரம் தொடர்ந்து ஓடினால்தான் அந்த வாய்ப்பு 100க்கு 5 ஆகக் குறைகிறது. ஆகவே, கோளாறு வரும் சராசரி இடைவெளியைப்போல் மூன்று மடங்கு காலம் காத்திருந்த பின்னரே குணமாயிற்று என்று சொல்லலாம்.

குற்றம் விண்டோஸுடையதுதானா?

மறுநிறுவல் மென்பொருளை மட்டுமே மாற்றும். கோளாறு வன்பொருளில் இருந்தால் அதனால் பயனே இல்லை. இது அரிதாக நடப்பதா? மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் சுமார் 10 லட்சம் வீட்டுக் கணிப்பொறிகள் அனுப்பிய பழுது அறிக்கைகளை ஆராய்ந்து 2011இல் முடிவுகளை வெளியிட்டனர். வன்பொருள் பழுதால் ஒருமுறை நின்றுபோன பொறி மறுமுறையும் நின்றுபோகும் வாய்ப்பு நூறு மடங்கு வரை கூடுகிறது என்று அவர்கள் கண்டனர். செயலியை அதற்கு விதித்த வேகத்துக்குமேல் ஓட்டுவது நிலைமையை மோசமாக்குகிறது என்றும் கண்டனர். இத்தகைய பொறியில் விண்டோஸை எத்தனை முறை போட்டாலும் முடிவு ஒன்றுதான்.

நினைவகத்தை எடுத்துக்கொள்வோம். கூகிள் நிறுவனத்தின் சர்வர்களை இரண்டரை ஆண்டுகள் கவனித்த ஆய்வு ஒன்று 2009இல் வெளிவந்தது. ஓர் ஆண்டில் 100 நினைவகப் பலகைகளில் எட்டுக்கு மேற்பட்டவற்றில் பிழை தோன்றியதாக அது தெரிவித்தது. சர்வர்களில் பிழையைக் கண்டு திருத்தும் அமைப்பு உண்டு. நம் வீட்டுக் கணிப்பொறிகள் பெரும்பாலானவற்றில் அது இல்லை. ஆகவே ஒரு பிட் புரண்டால் அது சத்தமின்றிப் புரளும். ஒரு நாள் உலாவி மூடிக்கொள்ளும், மறுநாள் ஒரு கோப்பு கெடும், மூன்றாம் நாள் பொறியே நிற்கும். பார்ப்பவர்களுக்கு "விண்டோஸ் கெட்டுவிட்டது" என்றே தோன்றும்.

திரையில் வரும் செய்தியும் நம்மைத் திசை திருப்பலாம். இன்டெல் நிறுவனத்தின் 13, 14ஆம் தலைமுறை மேசைக் கணிப்பொறிச் செயலிகளை வாங்கிய பலருக்கு விளையாட்டுகள் நடுவில் நின்றன. "வீடியோ நினைவகம் போதவில்லை" என்ற பொருளில் செய்தி வந்தது. டிரைவரை மாற்றினாலும் விண்டோஸை மாற்றினாலும் அது தீரவில்லை. காரணம் வீடியோ அட்டையில் இல்லை, செயலியில் இருந்தது. செயலியின் நுண்நிரலில் இருந்த தவற்றால் அது அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தது என்று இன்டெல் 2024 ஜூலையில் அறிவித்தது. ஆகஸ்டில் திருத்தம் வந்தது. ஆனால் ஏற்கெனவே சேதமடைந்த செயலியைத் திருத்தத்தால் மீட்க முடியாது. மாற்றித்தான் ஆக வேண்டும். அதற்காக உத்தரவாதக் காலம் இரண்டு ஆண்டு நீட்டிக்கப்பட்டது. காரணத்தைத் தேடாமல் அழித்து எழுதிக்கொண்டே இருந்தவருக்கு இந்த உரிமை இருப்பதே தெரிந்திராது.

காரணம் தெரிந்தால் பரிகாரம் சிறியது

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 2024 ஜூலை 19 அன்று, கிரௌட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான கோப்பு ஒன்றினால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் நின்றுபோயின. அவை திரும்பத் திரும்ப எழ முயன்று விழுந்தன. விமான நிறுவனங்களும் மருத்துவமனைகளும் திணறின. வெளியிலிருந்து பார்த்தால் விண்டோஸே அழிந்துவிட்ட தோற்றம். ஆனால் காரணம் தெரிந்ததும் சொல்லப்பட்ட பரிகாரம் எளியது: பொறியைப் பாதுகாப்பு நிலையில், அதாவது சேஃப் மோடில், எழுப்பி அந்த ஒரு கோப்பை நீக்குங்கள் என்பதே. கோளாறின் தோற்றம் பெரிதாக இருப்பதால் மருந்தும் பெரிதாக இருக்க வேண்டும் என்பதில்லை.

நாம் இழப்பது என்ன?

"கோப்புகளைத் தனியே எடுத்து வைத்துவிட்டால் நட்டமில்லையே" என்று கேட்கலாம். தமிழில் எழுதி வைத்திருப்பவர்கள் இதை நன்றாக யோசிக்க வேண்டும். யூனிகோடு பரவுவதற்கு முன் ஒவ்வோர் எழுத்துருவும் ஒரு குறிமுறையைக் கொண்டிருந்தது. 1999இல் டாம், டாப் என்ற குறிமுறைகள் தரப்படுத்தப்பட்ட பின்னரும் பாமினி முதலிய பல எழுத்துருக்கள் புழக்கத்தில் இருந்தன. தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றது 2010இல்தான். அந்நாளில் தட்டச்சு செய்த ஆய்வேடோ குடும்ப வரலாறோ உங்களிடம் இருந்தால், அதைப் படிக்க அந்த எழுத்துரு வேண்டும். வட்டை அழிக்கும்போது எழுத்துருவும் போய்விடும். எடுத்து வைத்த கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பைதான் தெரியும். கோப்பு பத்திரமாக இருக்கும். எழுதியதை மட்டும் படிக்க முடியாது.

சரியான வரிசை

முதற்காரியம், முக்கியமான கோப்புகளை வெளிவட்டு ஒன்றில் படியெடுத்துக்கொள்வது. கோளாறுள்ள பொறியில் எந்தச் சோதனையும் இதற்குப் பிறகுதான். உங்கள் வட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருந்தால் அதன் மீட்புச் சாவி எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஒரு நோட்டுப் புத்தகம். எப்போது நின்றது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், பொறி சூடாக இருந்ததா, திரையில் என்ன குறியீடு வந்தது என்று ஒவ்வொரு முறையும் எழுதுங்கள். ஐந்து பதிவுகள் சேர்ந்ததும் ஏதாவது ஒழுங்கு தென்படலாம்.

விண்டோஸின் சொந்தக் குறிப்பேட்டையும் பாருங்கள். "ரிலையபிலிட்டி மானிட்டர்" என்ற பகுதி நாள்வாரியாக எது நின்றது, எது புதிதாகச் சேர்ந்தது என்று படம்போட்டுக் காட்டுகிறது. 2007இல் விஸ்டாவுடன் வந்த நல்ல கருவி இது. ஆனால் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டிய மூலையில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். "ஈவன்ட் வியூவர்" என்ற மற்றொரு பகுதியோ சிவப்புக் குறிகளால் நம்மை மிரட்டுகிறது. அவற்றில் 10016 போன்ற பதிவுகளைப் பொருட்படுத்த வேண்டாம் என்று மைக்ரோசாஃப்டே கூறியிருக்கிறது. 41 என்ற எண், பொறி முறையாக மூடப்படாமல் நின்றது என்று மட்டுமே சொல்கிறது. ஏன் என்று சொல்வதில்லை. மாறாக, "வியா லாகர்" என்ற பெயரில் பதிவு இருந்தால் வன்பொருளைச் சந்தேகியுங்கள். எது கவலைக்குரியது, எது இல்லை என்று பிரித்துச் சொல்லாத குறிப்பேடு பாமரனுக்கு உதவாது என்பது இங்கே சொல்லப்பட வேண்டிய குறை.

பிறகு வன்பொருளையும் மென்பொருளையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பென் டிரைவ் ஒன்றிலிருந்து லினக்ஸை நேரடியாக இயக்கிச் சில மணி நேரம் வேலை செய்யுங்கள். அங்கும் பொறி நின்றால் விண்டோஸ் நிரபராதி. மெம்டெஸ்ட்86 போன்ற நினைவகச் சோதனையை ஓர் இரவு முழுவதும் ஓடவிடுங்கள். இதில் "ஒன்றிரண்டு பிழை பரவாயில்லை" என்ற பேச்சே கிடையாது; ஒரு பிழையும் பிழைதான். பிழை வந்தால் நினைவகப் பலகைகளை ஒவ்வொன்றாகப் பொருத்திச் சோதியுங்கள்.

வட்டு தன் உடல்நிலையைத் தானே பதிவு செய்யும் ஸ்மார்ட் என்ற ஏற்பாடும் உண்டு. இதை எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்கு, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சுழல் வட்டுகளை ஆராய்ந்து 2007இல் கூகிள் வெளியிட்ட அறிக்கை உதவுகிறது. முதல் பரிசோதனைப் பிழை தோன்றிய வட்டு அடுத்த 60 நாள்களில் பழுதாகும் வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு. ஆனால் பழுதான வட்டுகளில் பாதிக்கு மேற்பட்டவை, முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. எனவே ஸ்மார்ட் எச்சரித்தால் நம்புங்கள். மௌனமாக இருந்தால் மட்டும் நம்பிவிடாதீர்கள். விசிறியில் அடைந்த தூசியையும், மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிட வேண்டும்.

வன்பொருள் நலமாக இருந்தால் மென்பொருளுக்கு வருவோம். சேஃப் மோடில் கோளாறு வராவிட்டால், பின்னணியில் ஓடும் நிரலோ டிரைவரோதான் காரணமாக இருக்கும். கணிப்பொறியுடன் சேர்ந்து தொடங்கும் நிரல்கள் 16 என்று கொள்வோம். அவற்றில் பாதியை நிறுத்திப் பாருங்கள். கோளாறு நின்றால் குற்றவாளி நிறுத்திய பாதியில், தொடர்ந்தால் மறுபாதியில். 16, 8, 4, 2, 1 என்று நான்கே சோதனையில் ஆள் அகப்படுவான். விண்டோஸின் சொந்தக் கோப்புகளே கெட்டிருந்தால் அவற்றைச் சரிபார்த்து மாற்றும் டிஸ்ம், எஸ்.எஃப்.சி. என்ற இரு கட்டளைகள் உள்ளன.

அதுவும் பலிக்காவிட்டால், நிரல்களையும் கோப்புகளையும் வைத்துக்கொண்டே விண்டோஸை மட்டும் புதுப்பிக்கும் வழி இருக்கிறது. இங்கே பெயரைக் கவனியுங்கள். "என் கோப்புகளை வைத்துக்கொள்" என்ற விருப்பத்துடன் கணிப்பொறியை ரீசெட் செய்தால், கோப்புகள் இருக்கும். நீங்கள் நிறுவிய நிரல்கள் போய்விடும். விண்டோஸ் அப்டேட் மூலம் பழுதுபார்க்கும் வழியே இரண்டையும் காப்பது.

எப்போது அழிக்கலாம்?

மறுநிறுவலே கூடாது என்பது என் வாதமன்று. நச்சுநிரல் ஆழமாகப் புகுந்துவிட்டால் அந்த நிறுவலில் எதையும் நம்ப முடியாது, அழிப்பதே அறிவுடைமை. புதிய வட்டு மாற்றும்போதும், பொறியை வேறொருவருக்குக் கொடுக்கும்போதும் அது தேவை. மேலே கூறிய வழிகள் எல்லாம் தோற்ற பிறகும் அது உண்டு. கடைக்காரரின் நிலையும் புரிந்துகொள்ளத்தக்கதே. ஃபார்மட் இரண்டு மணி நேர வேலை. காரணம் தேடுவது இரண்டு இரவுகளையும் விழுங்கலாம். தேடுவதற்குக் கூலி தர நாமும் தயாராக இல்லை.

ஆகவே அடுத்த முறை "ஃபார்மட்" என்ற சொல் காதில் விழுந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள்: நினைவகத்தையும் வட்டையும் சோதித்தீர்களா? சேஃப் மோடில் கோளாறு வருகிறதா? எதைக் காரணம் என்று நினைக்கிறீர்கள்? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால், பொறியை வீட்டுக்கு எடுத்து வந்து இன்றிரவே நினைவகச் சோதனையை ஓடவிடுங்கள். அதற்குச் செலவு ஓர் இரவு மின்சாரம்தான்.