ஊசியைக் கீழே வைக்கும் இடம்

அரியலூர்ப் பக்கத்துக் கடற்சிப்பிக் கற்களைச் சேர்ப்பவர்களில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சிக்குப் பெரிய அம்மோனைட்தான் வேண்டும்; அழிந்துபோன ஒரு கடலுயிரின் சுருள் ஓடு அது. சுருள் முழுசாக இருக்க வேண்டும், அகலம் ஒரு சாணாவது தாண்ட வேண்டும், கூடத்தில் வைத்தால் வந்தவர் கண் நேராக அதன்மேல் போய் விழ வேண்டும். மற்றக் கட்சிக்காரர்கள் உள்ளங்கை அளவுச் சிப்பி ஒன்றை லென்ஸுக்கு அடியில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் கழித்துவிடுவார்கள். நான் இரண்டாம் கட்சி. இந்தப் பொழுதுபோக்கின் ருசி கண்டெடுப்பதில் பாதிகூட இல்லை. ஒட்டியிருக்கும் கல்லில் எவ்வளவை நீக்குவது, எவ்வளவை விட்டுவைப்பது, எந்த இடத்தில் ஊசியைக் கீழே வைப்பது என்பதில்தான் மீதி முழுவதும் இருக்கிறது.

இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் மேல் கடல் பல முறை ஏறி இறங்கியிருக்கிறது. ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன்னிருந்து, டைனோசர்கள் அழிந்த 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை அது விட்டுச்சென்ற சேறும் மணலும் சுண்ணாம்பும் அடுக்கடுக்காக அங்கே கிடக்கின்றன. 1860-களில் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் பிளான்ஃபோர்ட் அவற்றை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். அந்தப் பெயர்களைத்தான் உலகம் இன்றும் புழங்குகிறது. ஆனால் இந்தக் கற்களை வெளியுலகுக்கு முதலில் கொண்டுபோனவர்கள் நிலவியல் உத்தியோகஸ்தர்கள் அல்லர். கே, கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளி வட்டாரங்களில் பொறுக்கிச் சேர்த்தவற்றைத்தான் 1846-இல் லண்டனில் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் விவரித்து எழுதினார். ஆசைக்குச் சேர்ப்பவர்கள் நம் ஊரிலும் ஆதியிலிருந்தே இருந்திருக்கிறார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு குணம். காரை ஊரை ஒட்டி, மழை அரித்துக் கிழித்த வெற்று மண்மேடுகளில் கிடைப்பது பெலம்னைட். கணவாயின் உறவான ஓர் உயிரின் உள்ளோடு அது; ஒரு முனை கூர்த்த சின்ன உருளையாகக் களிமண்ணிலிருந்து தானே கழன்று வரும். அதே மேடுகளில் வெயிலில் மின்னும் தகடுகளைப் பார்த்து ஓடு என்று ஏமாறாதவர் இல்லை. அது ஜிப்சம், நகத்தால் கீறினாலே கோடு விழும். கருடமங்கலத்துச் சிப்பிச் சுண்ணாம்புக்கல் இதற்கு நேர் எதிர். நத்தையும் மட்டியும் நெருக்கியடித்து இறுகிய கெட்டிப்பாறை அது. மெருகேற்றினால் அழகாக வரும் என்பதால் ‘திருச்சிராப்பள்ளி மார்பிள்’ என்றே அதற்குப் பெயர் விழுந்தது. அதிலிருந்து ஒரு சிப்பியைத் தனியே பெயர்க்க நினைப்பது வீண் வேலை. பலகையாகவே ரசிக்க வேண்டும்.

என் மனம் போய் நிற்பது கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில். சுமார் 7 கோடி ஆண்டுப் பழையது. சிமென்ட்டுக்காக வெட்டும் குழிகளின் சுவரில் சிப்பிகள் வரிசை கட்டி நிற்கும். கிரைஃபியா வகைச் சிப்பியின் கீழ் ஓடு குழிந்த கிண்ணம், மேல் ஓடு தட்டையான மூடி. கூடவே வரும் அலெக்ட்ரியோனியாவின் விளிம்போ மேலும் கீழுமாகக் கூர்கூராக மடிந்திருக்கும். வாயைச் சற்றே திறந்தாலும் விளிம்பு நெடுக நிறையத் தண்ணீர் உள்ளே போகலாம், பரு மணல் மட்டும் நுழையாது என்பது அந்த மடிப்புக்குச் சொல்லப்படும் ஒரு விளக்கம். சரியோ தவறோ, இரண்டு ஓடுகளும் கூடும் அந்தக் கோட்டில் விரலை ஓட்டிப் பார்க்கும் சுகம் வேறு.

சிப்பி ஓடு சுண்ணாம்பின் உறுதியான வடிவமான கால்சைட்டால் ஆனது என்பதால்தான் இத்தனை காலம் ஓடாகவே தாக்குப்பிடித்திருக்கிறது. பல நத்தைகளின், மட்டிகளின் ஓடு அரகோனைட். அது எளிதில் கரைந்துபோய், பெரும்பாலும் உள்ளே நிரம்பிய சேற்றின் அச்சுதான் நமக்கு மிஞ்சும்.

சுத்தம் செய்ய முதலில் வேண்டியது தண்ணீரும் பொறுமையும். ஊறவைத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தாலே பாதி மண் போய்விடும். அவசரக்காரர்கள் வினிகரையோ அமிலத்தையோ தேடுவார்கள். ஒட்டியிருப்பதும் சுண்ணாம்பு, ஓடும் சுண்ணாம்பு. அமிலத்துக்கு வித்தியாசம் தெரியாது, இரண்டையும் சேர்த்தே தின்னும். எஃகு ஊசியும் கால்சைட்டைக் கீறும். ஆகவே ஓட்டை நெருங்கியதும் மூங்கில் குச்சியைச் சீவி வைத்துக்கொள்வதே என் வழக்கம். கெட்டிக் கல்லுக்குக் காற்றழுத்தத்தில் அதிரும் ஏர் ஸ்க்ரைப் ஊசி இருக்கிறது. சிப்பிக்கு அது அதிகம்.

இப்போது லென்ஸை வையுங்கள். வெறும் கண்ணுக்கு அழுக்குப் படலம்போலத் தெரிந்தது, ஒழுங்கான நுண்துளைகள் நிறைந்த வலையாக விரியும். அது பிரையோசோவா. ஒவ்வொரு துளையும் ஓர் உயிர் குடியிருந்த அறை. பக்கத்தில் வளைந்து ஊர்ந்த தடமாக ஒரு புழுக்கூடு. விளிம்பில் குத்தியதுபோன்ற சிறு துளைகள், கடற்பஞ்சு குடைந்தவை. பிரஷ்ஷை இன்னும் நாலு தேய் தேய்த்திருந்தால் இந்தக் குடியிருப்பு மொத்தமும் கழுவிப்போயிருக்கும்; பளபளவென்று ஒரு சிப்பி மட்டும் மிஞ்சியிருக்கும். ஓட்டைத் திருப்பிப் பார்ப்பது அதைவிடச் சுவாரசியம். உட்புறத்தில், அந்த ஒற்றைத் தசைத் தழும்பின் மேலேயே பிரையோசோவா படர்ந்திருந்தால், சிப்பி செத்து, சதை அழுகி, மூடி விலகிய பிறகு யாரோ வந்து குடியேறினார்கள் என்று பொருள். வெளிப்புறத்தில் மட்டும் இருந்தால் வீட்டுக்காரர் உயிரோடு இருக்கும்போதே மாடியில் குடித்தனம் வந்திருக்கலாம். ஒரே ஒரு ஓடு இவ்வளவு பேசும்போது முழுசு, அரைகுறை என்று யார் பார்ப்பார்கள்?

அம்மோனைட்டில் வரும் சங்கடம் வேறு மாதிரி. அறை அறையாகத் தடுத்த சுருள் வீடு அது. தடுப்புச்சுவர் ஓட்டைத் தொடும் இடம் ஒரு கோடாக ஓடும். அந்தக் கோடு கொத்தமல்லி இலையின் விளிம்புபோல நெளிந்து, நெளிவுக்குள் நெளிவாகப் பிரிந்து போகும். இனம் பிரித்துச் சொல்ல உதவுவதும் அதுதான். ஆனால் மேல் ஓடு இருக்கும்வரை கோடு தெரியாது. ஓடு உதிர்ந்த உள்ளச்சில்தான் தெரியும். முத்துப்பூச்சு இன்னும் மினுங்கும் துண்டு ஒன்று கையில் இருந்தால், அதைக் காப்பதா, உரித்துக் கோட்டைப் பார்ப்பதா? நான் உரிக்க மாட்டேன். தானே உதிர்ந்த ஓரத்தில் தெரிகிற இரண்டு விரல்கடை போதும். கடையில் விற்கும், கண்ணாடிபோல மெருகேற்றிய அம்மோனைட்டுகளில் கோடு அப்பட்டமாகத் தெரியத்தான் செய்கிறது. ஓட்டின் மேடுபள்ளம் எல்லாவற்றையும் இழைத்துத் தள்ளிவிட்டுக் காட்டும் அழகு அது. வாங்குபவர் வாங்கட்டும், எனக்கு ஒட்டவில்லை.

விரிசல் விட்டால் சூப்பர் க்ளூவைப் பீய்ச்சுவார்கள். அருங்காட்சியகக்காரர்கள் அசிட்டோனில் கரைத்த பாரலாய்டு பி-72 பிசினையே விரும்புகிறார்கள். பிறகு வேண்டாமென்றால் அசிட்டோனாலேயே கழுவி எடுத்துவிடலாம் என்பதுதான் காரணம். குறைந்த பகுதியைப் பூசி நிரப்பியே ஆக வேண்டுமென்றால், நிறத்தை ஒரு சாயல் மாற்றி வைப்பது மரியாதை. எது கடலுடையது, எது நம்முடையது என்று பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும்.

பெயர் கண்டுபிடிக்க ஸ்டொலிச்காவிடம் போக வேண்டும். செக் நாட்டின் மொராவியாவில் பிறந்து கல்கத்தாவுக்கு வேலைக்கு வந்தவர். தென்னிந்தியக் கிரெட்டேசியக் காலத்து அம்மோனைட், நத்தை, சிப்பி என்று 1873 வரை தொகுதி தொகுதியாக எழுதித் தள்ளினார். அடுத்த ஆண்டே மத்திய ஆசியாவின் யார்க்கண்ட் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் லடாக் மலையில் 36 வயதில் இறந்துபோனார். அந்தத் தொகுதிகளின் கல்லச்சுப் படங்களில் சிப்பியின் உடைந்த விளிம்பை உடைந்தபடியே வரைந்திருப்பார்கள். நம் கையில் உள்ளதை அந்தப் படத்தின் பக்கத்தில் வைத்துப் பொருத்திப் பார்க்கும் நேரம்தான் இந்த ஆசையின் உச்சம்.

கடைசியாக, சீட்டு. எந்த ஊர், எந்த ஓடை அல்லது குழி, எந்த அடுக்கு, என்று எடுத்தது என நாலு வரி. அது இல்லாத கல்லை வைத்து ஆராய்ச்சிக்காரர் அதிகம் செய்ய முடியாது. சுரங்கத்துக்குள் அனுமதி வாங்காமல் இறங்குவதும், பாதுகாக்கப்பட்ட சாத்தனூர்க் கல்மரத்தில் ஒரு சில்லாவது பெயர்த்துவிடலாம் என்று கை நீட்டுவதும் இந்தப் பொழுதுபோக்கில் சேராது. புதிதாகவோ அபூர்வமாகவோ பட்டதை, மண்ணைக்கூடத் தட்டாமல், சீட்டோடு நிலவியல் துறை உள்ள கல்லூரிக்கோ வாரணவாசி அருங்காட்சியகத்துக்கோ கொடுத்துவிடுவது நல்லது. துடைக்கும் வேலையை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.