ஒன்பது அணா மிட்டாய்

'நான் மலாலா' நூலைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் துப்பாக்கிச் சூட்டிலிருந்துதான் தொடங்குகிறோம். 2012 அக்டோபர் 9 அன்று, பாகிஸ்தானின் ஸ்வாத் பள்ளத்தாக்கில், பள்ளி முடிந்து வீடு திரும்பும் வண்டியில் மலாலா யூசஃப்சாய் சுடப்பட்டார். அப்போது அவருக்கு வயது 15. கூட இருந்த இரு தோழிகளும் காயப்பட்டார்கள். அவர்களின் பெயர்களை நம்மில் எத்தனை பேர் சொல்வோம்?

சுடப்பட்டது அவர்மீது நிகழ்ந்த வன்முறை. அவருடைய துணிச்சலைத் தேடினால் மூன்றாண்டுகள் பின்னால் போக வேண்டும். 2009 ஜனவரி 15க்குப் பிறகு பெண்பிள்ளைகள் பள்ளிக்குப் போகக்கூடாது என்று தாலிபான் கெடு விதித்திருந்தது. அந்த நாட்களில் 11 வயது மலாலா, குல் மக்காய் என்ற புனைபெயரில் பிபிசி உருதுவுக்கு நாட்குறிப்பு எழுதினார். சீருடை வேண்டாம் என்றதால் பிடித்த இளஞ்சிவப்பு உடையில் பள்ளிக்குப் போனதை எழுதினார். விடுமுறை அறிவித்த தலைமையாசிரியை பள்ளி திறக்கும் தேதியைச் சொல்லாததை எழுதினார். பயத்தை மறைக்காமல் எழுதியதுதான் அந்தக் குறிப்புகளின் வலு.

பத்திரிகையாளர் கிறிஸ்டினா லாம்புடன் சேர்ந்து எழுதி 2013இல் வெளிவந்த தன்வரலாற்றில் தந்தை சியாவுதீனுக்கே பெரிய இடம். ஆண்களின் பெயர்கள் மட்டுமே இருந்த குடும்ப மரத்தில் மகளின் பெயரை எழுதிச் சேர்த்தவர் அவர். அந்த அன்பு உண்மையானது. ஆனால் 2015இல் வந்த ஆவணப்படத்தின் தலைப்பையே பாருங்கள்: 'அவர் எனக்கு மலாலா எனப் பெயரிட்டார்'. மகளின் கதையிலும் தந்தையே எழுவாய்!

தாய் தோர் பெகாய்க்கு நூலில் கிடைப்பது குறைவான பக்கங்கள். எனக்கு மனதில் தங்கியது அவர்தான். சிறுவயதில் பையன்கள் நிறைந்த வகுப்பில் ஒரே பெண்ணாகப் படித்தவர். எப்படியும் சமையலும் பிள்ளை வளர்ப்பும்தானே என்று ஒருநாள் புத்தகங்களை ஒன்பது அணாவுக்கு விற்று, மிட்டாய் வாங்கித் தின்றார். பிறகு பள்ளிக்குப் போகவில்லை. வீட்டில் யாரும் ஏனென்று கேட்கவில்லை. அவரைத் தடுக்க எந்தத் துப்பாக்கியும் தேவைப்படவில்லை.

இந்த இடத்தைத் தாண்டிப் போகும் வாசிப்பு நமக்கு வசதியானது. எதிரி தாலிபான் மட்டும் என்றாகிவிட்டால், ஏனென்று கேட்காத வீடுகள் தப்பித்துக்கொள்கின்றன. நம் வீடுகளும்தான்.

2014இல் நோபல் பரிசு பெறச் சென்றபோது, காயப்பட்ட அந்தத் தோழிகளையும் மலாலா அழைத்துச் சென்றார். தன்னை ஒற்றை நாயகியாகப் பார்க்க வேண்டாம் என்று அவரே சொன்னதாக நான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

மகள் சுடப்பட்ட அதே நாளில்தான் தோர் பெகாய் எழுதப் படிக்கக் கற்கத் தொடங்கவிருந்தார். வகுப்பறையில் இந்நூலைப் பேசும் மாணவிகள் அந்த வரியிலிருந்து தொடங்கிப் பாருங்கள்.