வெட்டுக்கோட்டுக்கு வெளியே

நம் கவிதைத் தொகுப்புகளின் அட்டைகளில் ஓவியங்கள் இப்போது விளிம்பிலிருந்து விளிம்புவரை பரவிக் கிடக்கின்றன. இதை வளர்ச்சி என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

அச்சுத் தொழிலின் நியாயம் புரியாமல் இல்லை. கட்டிங் மெஷினில் அடுக்கிய தாள்கள் சற்று நகரும். வண்ணம் வெட்டுக்கோட்டோடு நின்றுவிட்டால் ஓரத்தில் வெள்ளைக் கீற்று தெரியும். எனவே கோட்டுக்கு வெளியேயும் பொதுவாக 3 மி.மீ. வண்ணத்தை ஓடவிட்டுப் பிறகு வெட்டுகிறார்கள். இதுவே ப்ளீட். அட்டைக்கென்றே வரையும் ஓவியன், கத்திக்குப் போகப்போகும் பகுதியை அறிந்தே வரைகிறான். அதில் குற்றமில்லை.

சிக்கல், ஏற்கனவே முடிந்துபோன ஒரு படைப்பை எடுத்தாளும்போதுதான். 216 மி.மீ. உயர முன்னட்டைக்காக ஓவியம் 222 மி.மீ.க்குப் பெரிதாக்கப்படுகிறது, மேலும் கீழும் 3 மி.மீ. குப்பைக்குப் போகிறது. அட்டையின் அகலம் 140 மி.மீ. என்றால், ஒரு சதுரக் கான்வாஸ் அதை நிரப்புவதற்குத் தன் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்தாக வேண்டும். பல சமயம் முதலில் போவது மூலையிலுள்ள ஓவியனின் கையெழுத்து. இழப்பைத் தவிர்க்க, இல்லாத ஓரத்தை மென்பொருளைக் கொண்டு ஊகித்து வரையவைப்பது இன்றைய வழி. ஓவியன் இடாத தீற்றலை அவன் பெயரில் அச்சிடுவது வெட்டுவதைவிட மோசமானது.

எழுபதுகளில் டிரெடிலில் அச்சான சிறுபத்திரிகைகள் கோட்டோவியத்தை வெள்ளைத் தாளின் நடுவே சிறிய பிளாக்காக வைத்தன. பிளாக்குக்குச் சதுர அங்குலக் கணக்கில் காசு. அது வறுமைதான், அழகியல் கொள்கை அல்ல. ஆனால் ஆதிமூலத்தின் கோடு அவர் நிறுத்திய இடத்தில் நின்றது. சுற்றியிருந்த வெற்றிடமும் ஓவியத்தின் பகுதியாயிற்று. வசதி வந்தபின் நாம் இழந்தது அந்த வெற்றிடத்தை.

இடம் போதவில்லை என்று கவிதையின் கடைசி வரியை ஓர் ஆசிரியர் நீக்கினால் நாம் சும்மா இருப்போமா? ஓவியத்தின் விளிம்பும் ஒரு வரிமுடிவுதான். எங்கே நிறுத்துவது என்ற தீர்மானம் படைப்பாளியுடையது. அதை டிசைனரின் வசதிக்கு விட்டுவிட்டு அட்டையைப் பாராட்டிக்கொண்டிருக்கிறோம்.

மாற்று எளிது. ஓவியத்தை முழுதாக உள்ளே வைத்து, பின்னணி வண்ணத்தை மட்டும் 3 மி.மீ. வெளியே ஓடவிடலாம். வெட்ட நேர்ந்தே தீருமென்றால், வெட்டுக்கோடு போட்ட ஃபைலை அச்சுக்கு அனுப்புமுன் ஓவியனிடம் காட்டிச் சம்மதம் பெறலாம். கவிஞனுக்கு புரூஃப் அனுப்பும் பதிப்பாளர் ஓவியனுக்கு அனுப்புவதில்லை என்பது, அட்டை ஓவியத்தை நாம் இன்னும் அலங்காரமாகவே கருதுகிறோம் என்பதைத்தான் காட்டுகிறது.