வழிகாட்டியா, பிணைகாரரா?

புதிதாக வரும் அகதிக் குடும்பத்துக்கு முன்னர் வந்தவர் வழிகாட்ட வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இராது. ஆனால் எம்மவர் மத்தியில் 'வழிகாட்டல்' என்ற பெயரில் நடப்பது என்ன என்பதை நாம் இன்னமும் விமர்சனத்துக்கு உட்படுத்தவில்லை. புகலிடச் சஞ்சிகைகளில் அதிகாரம் பற்றிப் பூக்கோவை மேற்கோள் காட்டிப் பக்கம் பக்கமாக எழுதியவர்களுக்கும் இந்தச் சின்ன அதிகாரம் கண்ணில் படவில்லை.

பலெர்மோவை எடுத்துக்கொள்வோம். எண்பதுகளில் இங்கு வந்த எம்மவர் சட்டத்தின் பார்வையில் அகதிகளே அல்லர். 1951 ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கையை இத்தாலி பொதுவாக ஐரோப்பிய அகதிகளுக்கே பிரயோகித்து வந்தது. அந்தப் புவியியல் வரையறையை நீக்கியது 1990 இன் மார்த்தெல்லி சட்டம். ஆகவே யுத்தத்திலிருந்து தப்பி வந்தவர் இங்கே வீட்டு வேலையாளாக மாறித்தான் நிலைக்க முடிந்தது. வீட்டு வேலை விளம்பரம் பார்த்துக் கிடைப்பதல்ல. ஏற்கெனவே ஒரு வீட்டில் நம்பிக்கை பெற்றவர் 'இவர் எங்கட ஆள்' என்று சொன்னால்தான் கதவு திறக்கும். வழிகாட்டி தொடக்கத்திலேயே வேலைத் தரகராக இருந்தது இதனாற்தான். பல இடங்களில் அறை கொடுப்பவரும் சீட்டுப் பிடிப்பவரும் மொழிபெயர்ப்பவரும் அவரே. 2002 இன் பொஸ்ஸி-பீனி சட்டம் தொழிலாளரின் வதிவிட அனுமதியை வேலை ஒப்பந்தத்தோடு கட்டிப்போட, அவருடைய பிடி மேலும் இறுகியது.

வாடகை குறைவென்று சியாகுல்லி போன்ற புறநகரில் குடியமரும் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். எம்மவர் கூடும் பல்லரோச் சந்தையோ நகரின் நடுவில். தபாற்கந்தோரில் சொஜ்ஜோர்னோப் படிவம் கொடுக்கவும், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கவும் வழிகாட்டியின் காருக்குக் காத்திருக்க வேண்டும். 'அண்ணைக்கு நேரமில்லை' என்றால் ஒரு கிழமை போய்விடும். கடனும் அவரிடந்தான். அவர் எடுத்துத் தந்த வேலையில் சம்பளம் குறைகிறது என்று யாரிடம் முறையிடுவது? தவிர, இந்த வழிகாட்டல் ஆணிடமிருந்து ஆணுக்கே போகிறது. தாய் மகப்பேற்று மருத்துவரிடம் சொல்லவேண்டியதைப் பத்து வயது மகன் மொழிபெயர்க்கிறான். 'ஊரில எவ்விடம்?' என்ற முதற் கேள்வி எதை அறியக் கேட்கப்படுகிறது என்பதை இந்த வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

சியாகுல்லி மண்டரின் தோடைக்குப் பேர்போன இடம். பலெர்மோவைச் சூழ்ந்த இத்தகைய தோட்டங்களில், நிலவுடைமையாளருக்கும் உழுபவனுக்கும் இடையில் நின்று தண்ணீரைப் பங்கிட்டவனும் காவல்காரனும் குத்தகைக்காரனுமே பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாபியாவுக்கு அடித்தளமிட்டனர். அந்த வழியில் வந்தவர்களின் மோதலில், 1963 ஜூன் 30 அன்று இதே சியாகுல்லியில் கார்க்குண்டு வெடித்துப் பொலிசாரும் இராணுவத்தினருமாக ஏழு பேர் இறந்தனர். எங்கள் அண்ணைமாரை மாபியா என்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். வாய்க்கால் மடை ஒருவர் கையில் மட்டும் இருந்தது என்பதே நான் சொல்லவரும் ஒப்புமை.

'அவரும் செய்யாவிட்டால் யார் செய்வது? தன் நித்திரையை விட்டல்லவா ஓடித்திரிகிறார்' என்பார்கள். உண்மை. பலர் அப்படித்தான் உழைத்தார்கள். அவர்கள் இல்லாவிட்டால் பல குடும்பங்கள் தெருவில் நின்றிருக்கும். என் கேள்வி அவர்களின் நல்ல மனம் பற்றியதல்ல, ஏற்பாடு பற்றியது. பெற்றோரின்றி வரும் சிறுவருக்காக இத்தாலி 2017 இல் கொண்டுவந்த 47 ஆம் இலக்கச் சட்டத்தைப் பாருங்கள். தன்னார்வப் பாதுகாவலர் தெரிவுசெய்யப்பட்டு, பயிற்சி பெற்று, சிறுவர் நீதிமன்றப் பட்டியலில் சேர்க்கப்படுகிறார். பொதுவாக மூன்று சிறுவருக்கு மேல் ஒருவரிடம் ஒப்படைக்கப்படுவதில்லை. சிறுவனுக்கு இருப்பிடம் கொடுப்பது வேறொருவர் பொறுப்பு. வளர்ந்தவர்களுக்குப் பாதுகாவலர் தேவையில்லை. ஆனால் அந்தப் பிரிப்பு தேவை.

எமது சங்கங்கள் இதைச் செய்யப் பணம் வேண்டியதில்லை. அறை கொடுத்தவர், கடன் கொடுத்தவர், வேலை எடுத்துத் தந்தவர் ஆகியோர் அதே குடும்பத்துக்கு வழிகாட்டியாக இருக்கக் கூடாது. ஒரு குடும்பத்துக்கு இருவர் வேண்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் கணவனும் மனைவியும் தனித்தனியே கந்தோர் வரிசையில் நின்று பேசப் பழகியிருக்க வேண்டும். ஆளில்லை என்று சொல்லவும் முடியாது. இங்கேயே பிறந்து படித்த பெண்பிள்ளைகள் எங்களைவிட நன்றாக இத்தாலிய மொழி பேசுகிறார்கள். அவர்களை நாம் கலைவிழாவில் நடனமாட மட்டுமே அழைத்து வருகிறோம்.